காட்டை வெட்டாமல் ஏற்றுமதி நடக்குமா? கொக்கோ, சோயா, காபி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. காட்டை அழித்து விளைவித்த பொருள் இனி எங்கள் சந்தைக்குள் வரக்கூடாது என்பது அதன் சாரம். அன்றிலிருந்து கானா, ஐவரி கோஸ்ட், பிரேசில், இந்தோனேசியா, எத்தியோப்பியா என்று விளைபொருளை விற்றுப் பிழைக்கும் நாடுகளில் இதே பேச்சுதான். காடும் நிற்க வேண்டும், கப்பலும் கிளம்ப வேண்டும், எப்படி? இந்த விஷயத்தைத் தொடர்ந்து கவனித்து எழுதுவதால் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். மேற்கு ஆப்பிரிக்கக் கொக்கோவைப் பற்றித்தான் அதிகம் இருக்கும். சிக்கலின் எல்லா முடிச்சுகளும் அங்கே ஒன்றாகக் கிடக்கின்றன.

முதலில், விவசாயத்துக்கும் காடழிப்புக்கும் அவ்வளவு தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி 1990 முதல் 2020 வரை உலகம் 42 கோடி ஹெக்டேர் காட்டை வேறு பயன்பாட்டுக்கு இழந்தது. இந்தியாவின் மொத்தப் பரப்பே சுமார் 33 கோடி ஹெக்டேர்தான். இந்த அழிப்பில் ஏறக்குறைய 90 சதவீதத்துக்குக் காரணம் பயிர் நிலமும் மேய்ச்சல் நிலமும் விரிவதுதான் என்பது அதே அமைப்பு செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வின் முடிவு. மரத்துக்காக வெட்டுவதைவிட, மரம் நின்ற இடத்துக்காக வெட்டுவதே அதிகம்.

காடழிப்பைத் தடுத்தால் ஏற்றுமதி விழுந்துவிடாதா?

விழ வேண்டிய அவசியமில்லை. இதற்குப் பிரேசிலைவிட நல்ல சாட்சி கிடையாது. அமேசானில் 2004ஆம் ஆண்டில் 27,772 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. 2012இல் அது 4,571 சதுர கிலோமீட்டராக இறங்கியது. எட்டே ஆண்டுகளில் ஆறில் ஒரு பங்காகிவிட்டது! அந்தக் காலத்திலும் அதற்குப் பிறகும் பிரேசிலின் சோயா சுருங்கவில்லை, வளர்ந்தது. 2004-05இல் சுமார் 5 கோடி டன்னாக இருந்த விளைச்சல் 2022-23இல் 15 கோடி டன்னைத் தாண்டிவிட்டது.

நிலம் எங்கிருந்து வந்தது என்றால், பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டி மேய்ச்சலுக்கு விட்டிருந்த நிலம். ஒரு ஹெக்டேருக்கு ஒரு மாடுகூட சரியாக மேயாத, புல் தேய்ந்த நிலம் பிரேசிலில் ஏராளம். சுண்ணாம்பும் உரமும் போட்டு அதைச் சோயா நிலமாக்கினார்கள். சோயா அறுத்த கையோடு அதே மண்ணில் மக்காச்சோளம் போட்டு ஆண்டுக்கு இரு போகம் எடுத்தார்கள்.

பிரேசில் அதை எப்படிச் சாதித்தது?

ஒரே ஒரு நடவடிக்கையால் அல்ல. 2004இல், மரினா சில்வா சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்தபோது, அமேசான் காடழிப்புத் தடுப்புத் திட்டம் தொடங்கியது. எங்கே புதிதாக வெட்டுகிறார்கள் என்பதைச் செயற்கைக்கோள் மூலம் உடனுக்குடன் காட்டும் 'டெட்டர்' ஏற்பாடும் அந்த ஆண்டுதான் வந்தது. அதற்கு முன்பு வருடக் கணக்கு வந்து சேரும்போது காடு சாம்பலாகி, விதைப்பும் முடிந்திருக்கும். டெட்டர் வந்தபின் வெட்டுகிறவர் அங்கே இருக்கும்போதே அதிகாரிகள் போய் நிற்க முடிந்தது.

2006இல் சோயா வணிக நிறுவனங்கள், புதிதாக அழித்த அமேசான் காட்டில் விளைந்த சோயாவை வாங்குவதில்லை என்று கூட்டாக ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய வாங்குநர்களின் நெருக்கடிதான் அதற்குக் காரணம். அந்த ஒப்பந்தத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அமேசானில் விரிந்த சோயா நிலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் காட்டை அழித்து வந்தது; 2014 வாக்கில் அது 1 சதவீதத்தின் அருகே வந்துவிட்டது. 2008இல் நடந்தது இன்னும் முக்கியம் என்பேன். சுற்றுச்சூழல் விதிகளுக்கு உட்பட்டவர் என்று காட்டாத அமேசான் பண்ணைகளுக்கு வங்கிகள் பயிர்க்கடன் தரக்கூடாது என்று ஆக்கினார்கள். அதிகம் வெட்டும் ஊராட்சிகளின் பட்டியலையும் அரசு வெளியிட்டது. பட்டியலில் பெயர் வந்தால் ஊர் முழுக்கவே கடனும் வியாபாரமும் தடைபடும். அதனால் தப்பு செய்யாதவரும் பக்கத்துப் பண்ணைக்காரரைக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. சோயா பக்கத்திலிருக்கும் செராடோ புல்வெளிக் காடுகளுக்கு நகர்ந்தது. அங்கே இந்த ஒப்பந்தம் செல்லாது. மாட்டிறைச்சியில், மாட்டை இறைச்சிக் கூடத்துக்கு விற்ற கடைசிப் பண்ணையை மட்டுமே பார்த்தார்கள். கன்று பிறந்த பண்ணை எது என்று பார்க்கவில்லை. கண்காணிப்பு தளர்ந்த 2021இல் அழிப்பு மறுபடி 13,038 சதுர கிலோமீட்டருக்கு ஏறியது. கண்காணிப்பு திரும்பியதும் 2024இல் 6,288க்கு இறங்கியது. 2025இல் பிரேசிலின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் சோயா ஒப்பந்தத்தை நிறுத்திவைக்க உத்தரவிட்டு, விவகாரம் நீதிமன்றம் போனது.

சரி, அதையே கானாவும் ஐவரி கோஸ்ட்டும் செய்ய வேண்டியதுதானே?

பலரும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். சோயாப் பண்ணைக்காரர் பெரிய நிலக்காரர். அவருக்கு வங்கிக் கடன் உண்டு, நிலப் பதிவு உண்டு, விளைச்சலை வாங்குவது விரல்விட்டு எண்ணக்கூடிய நிறுவனங்கள். கடனை நிறுத்துவேன் என்றால் அவருக்குச் சுடும். உலகக் கொக்கோவில் ஏறக்குறைய 60 சதவீதத்தை விளைவிக்கும் இந்த இரு நாடுகளிலும் விவசாயிக்கு இருப்பது பெரும்பாலும் சில ஹெக்டேர் தோட்டம். அவருக்கு வங்கிக் கடனே கிடையாது, எதை நிறுத்துவீர்கள்? நிலத்துக்கு எழுத்துப் பத்திரமும் பெரும்பாலும் கிடையாது. ஊர்த் தலைவரோ, நிலத்துக்குச் சொந்தமான குடும்பமோ வாய்மொழியாகக் கொடுத்த அனுமதிதான் அவருடைய உரிமை.

பிரேசிலில் பலித்த தண்டனையை இங்கே கொண்டுவந்தால் அது போய் விழுவது ஏழை தலையில். 2016இல் ஐவரி கோஸ்ட்டின் மோன் பெக்கோ தேசியப் பூங்காவுக்குள் கொக்கோ பயிரிட்டிருந்த பல்லாயிரம் பேரை வெளியேற்றினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த பக்கத்து ஊர்களில் சோற்றுக்கும் தண்ணீருக்கும் தட்டுப்பாடு வந்தது. பூங்கா எல்லையைக் காக்க வேண்டியதுதான். ஆனால் வெளியே பிழைக்க வழி இல்லாதவரைத் துரத்தினால் அவர் அடுத்த காட்டுக்குத்தான் போவார்.

கொக்கோ விவசாயி ஏன் காட்டுக்குள் போகிறார்? பேராசையா?

இல்லை. கணக்கு. புதிதாக வெட்டிய காட்டு மண்ணில் பல ஆண்டு இலை மக்கிய சத்து இருக்கும். களை குறைவு, நோய் குறைவு, ஈரம் நிற்கும். உரமே போடாமல் கொக்கோ காய்க்கும். 25, 30 ஆண்டு போனால் மரம் கிழடாகிறது, மண் களைக்கிறது. போதாக்குறைக்குத் தண்டு வீக்க நோய் வேறு. மாவுப்பூச்சி பரப்பும் இந்த வைரஸ் நோய் கானாவில் 1936லேயே கண்டறியப்பட்டது. இன்றுவரை மருந்து கிடையாது. நோய் கண்ட மரத்தையும் அதைச் சுற்றியுள்ள மரங்களையும் வெட்டிப் போடுவதுதான் ஒரே வழி.

இப்போது அந்த விவசாயியின் இடத்திலிருந்து பாருங்கள். பழைய தோட்டத்தை வெட்டி மறுநடவு செய்தால் கூலி கொடுக்க வேண்டும், கன்று வாங்க வேண்டும், களையோடு போராட வேண்டும், முதல் காய்ப்புக்கு மூன்று ஆண்டாவது காத்திருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டும் வீட்டில் வருமானம் இல்லை. காட்டின் ஓரமாக ஒரு துண்டு வெட்டினாலோ, பழைய மரங்களில் கிடைப்பதைப் பறித்துக்கொண்டே புதுத் தோட்டத்தை வளர்க்கலாம். காட்டை வெட்டுவதுதான் மலிவு. இந்தக் கணக்கை மாற்றாமல் எத்தனை சட்டம் போட்டாலும் பயனில்லை என்பதே என் உறுதியான கருத்து.

அந்தக் கணக்கை மாற்ற என்ன செய்ய வேண்டும்?

வருமானம் இல்லாத அந்த மூன்று, நான்கு ஆண்டுகளைக் கடக்க விவசாயிக்குப் பணம் கொடுக்க வேண்டும். உதவி என்ற பெயரில் நடக்கும் எல்லாவற்றிலும் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

கானாவின் கொக்கோ வாரியம் 2019இல் ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியும் மற்றவர்களும் சேர்ந்து கொடுத்த 60 கோடி டாலர் கடனில் ஒரு பகுதியை இதற்குப் பயன்படுத்தியது. நோயுற்ற தோட்டத்தை வாரியமே ஆள் வைத்து வெட்டியது. நிலத்துக்கு உரியவர், பயிரிடுகிறவர் இருவருக்கும் இழப்பீடு கொடுத்தது. கொக்கோக் கன்றுக்கு நிழலாக இடையில் வாழை நட்டது. சமையலுக்கு ஆகும் பெரிய வாழை அது. இரண்டாம் ஆண்டிலேயே தார் வெட்டி வீட்டுக்கும் சந்தைக்கும் கொண்டுபோகலாம். கொக்கோ காய்க்கும்வரை குடும்பத்தைத் தாங்குவது அந்த வாழைதான். நிலத்தவருக்குத் தனியாக இழப்பீடு தருவது ஏனென்றால், பல ஊர்களில் கொக்கோ மரம் நிற்கும்வரைதான் குத்தகை உரிமை நிற்கும். மரத்தை வெட்டினால் நிலம் கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்திலேயே நோய் மரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் உண்டு.

கொக்கோவுக்கு நடுவே காட்டு மரங்களை விட்டுவைத்தால் நல்லதுதானே, ஏன் விடுவதில்லை?

நல்லதுதான். நிழல் கொக்கோவுக்கு ஆகும், மண் ஈரம் காக்கும், வறட்சியைத் தாங்கும். ஆனால் கானாவில் தானாக முளைத்த வணிக மரங்கள் விவசாயிக்குச் சொந்தமில்லை. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி அவை அரசின் பொறுப்பில் இருப்பவை. ஓடம் என்று ஒரு மரம், நல்ல விலை போகும். தோட்டத்தில் அது ஓங்கி வளர்ந்தால் ஒருநாள் உரிமம் வாங்கிய மரக் கம்பெனி ரம்பத்தோடு வரும். மரம் சாயும்போது அடியில் நிற்கும் கொக்கோ மரங்களை நசுக்கிக்கொண்டு விழும். மரத்தின் விலை வேறு யாருக்கோ, உடைந்த கொக்கோ இவருக்கு. ஆகவே, ஓடம் கன்று முளைத்தால் விவசாயி அரிவாளால் அதைச் சீவிவிடுவார். கொஞ்சம் பெரிதாகிவிட்டால் அடிப்பட்டையைச் சுற்றிலும் உரித்து, நின்ற இடத்திலேயே காயவிடுவார். காட்டின் மேல் அவருக்குப் பகை ஒன்றும் இல்லை, தோட்டத்தைக் காப்பாற்றுகிறார்.

தானே நட்ட மரம் அவருக்குச் சொந்தம் என்று 2002இல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் நட்டதா, தானாக முளைத்ததா என்று நிரூபிக்கப் பதிவு வேண்டுமே! ஐவரி கோஸ்ட் 2014 வனச் சட்டத்தில் மரத்தை நில உரிமையாளருக்கே கொடுத்துவிட்டது. அங்கே நிலத்துக்குப் பத்திரம் இல்லாததே தடையாக இருக்கிறது. மரப் பதிவுக்கும் நிலப் பத்திரத்துக்கும் ஆகும் செலவு பெரிதல்ல. வெளிநாட்டு உதவி அதிகம் போக வேண்டிய இடம் இது, ஆனால் போவது குறைவு.

ஐரோப்பியச் சட்டம் சரியாக என்ன கேட்கிறது?

ஏழு பொருள்கள்: மாடு, கொக்கோ, காபி, பாமாயில், ரப்பர், சோயா, மரம். அவற்றிலிருந்து செய்யும் சாக்லேட், டயர், தோல், மரச்சாமான் போன்றவையும் உண்டு. 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் இவை விளைந்திருக்கக் கூடாது. விளைந்த நாட்டின் சட்டங்களையும் மீறியிருக்கக் கூடாது. விளைந்த நிலம் எது என்று இருப்பிடக் குறியீட்டோடு (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) காட்ட வேண்டும்: 4 ஹெக்டேர், அதாவது சுமார் 10 ஏக்கர் வரை ஒரே ஒரு புள்ளி போதும், அதற்கு மேல் என்றால் எல்லை முழுவதையும் வரைந்து தர வேண்டும். மாட்டுக்கு மட்டும் பண்ணைக்கு ஒரு புள்ளி. மீறும் நிறுவனத்துக்கான அதிகபட்ச அபராதம், ஐரோப்பாவில் அதற்குள்ள ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

சொந்த நாட்டுச் சட்டம் அனுமதித்து வெட்டியிருந்தால்?

அப்போதும் ஏற்கமாட்டார்கள். பிரேசில், இந்தோனேசியா போன்ற நாடுகளின் பெரிய மனக்குறை இதுதான். பிரேசில் வனச் சட்டப்படி அமேசானில் ஒருவர் தன் நிலத்தில் 80 சதவீதக் காட்டை விட்டுவைத்தால் மீதியை வெட்டலாம். அந்த மீதியில் 2021இல் வெட்டி விளைவித்த சோயா உள்ளூரில் சட்டபூர்வம், ஐரோப்பாவில் செல்லாது.

எப்போது அமலுக்கு வருகிறது?

இரண்டு முறை தள்ளிப்போய்விட்டது. இப்போதைய நிலவரப்படி பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர் 30. மிகச் சிறிய, சிறிய நிறுவனங்களுக்கு 2027 ஜூன் 30. முதல் தேதியை நம்பிச் செலவு செய்து தயாரானவர்களுக்கு இந்தத் தள்ளிப்போடல் ஒரு தண்டனை. தயாராகாதவருக்கு அது பரிசாகிவிட்டது.

தோட்டத்தை அளப்பது அவ்வளவு கஷ்டமா? போன் இருந்தால் போதாதா?

அளப்பது கஷ்டமில்லை. கொள்முதல் ஆள் ஒருவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றி நடந்தால் எல்லை பதிவாகிவிடும். அடர்ந்த நிழலில் சில மீட்டர் பிசகும், திருத்திக்கொள்ளலாம். கஷ்டம் அதற்குப் பிறகு. காய்ந்த கொட்டையை 64 கிலோ மூட்டையாகக் கட்டி எடை போடும் இடத்துக்கு வரும்போது, பத்துப் பேருடைய கொட்டை ஒன்றாகக் கலக்கிறது. அந்த மூட்டை கிட்டங்கியில் இன்னும் நூறு ஊர் மூட்டைகளோடு சேர்கிறது. அளந்த வரைபடத்துக்கும் கப்பலேறும் மூட்டைக்கும் உள்ள தொடர்பு அங்கே அறுந்துபோகிறது. அதை அறாமல் காக்க மூட்டைக்கு மூட்டை சீட்டு வேண்டும், தனிக் கிட்டங்கி வேண்டும், கணக்கெழுத ஆள் வேண்டும்.

இந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் நியாயம் இருக்கிறது. வாங்குகிறவர் ஏற்க வேண்டும். விவசாயியின் விலையில் பிடித்தம் செய்தால், காட்டைக் காக்கச் சொல்லும் சட்டம் அவரை மேலும் ஏழையாக்கி மறுபடி காட்டுக்கே அனுப்பும். இன்னொன்று, அளந்த வரைபடம் அந்த நாட்டுக்கும் விவசாயிக்கும் சொந்தமாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் ஒரே தோட்டத்தைத் தனித்தனியாக அளந்து பூட்டி வைத்துக்கொண்டால், விவசாயி அந்த நிறுவனத்தைத் தவிர வேறு யாருக்கும் விற்க முடியாமல் மாட்டிக்கொள்வார்.

விலையை உயர்த்தினால் எல்லாம் சரியாகிவிடாதா?

விலை வேண்டும், ஆனால் விலை மட்டும் போதாது. கானாவும் ஐவரி கோஸ்ட்டும் 2020-21 பருவத்திலிருந்து டன்னுக்கு 400 டாலர் கூடுதல் தொகை கேட்டு வாங்கின. வாங்குநர்கள் அதைக் கொடுத்துவிட்டு, தரத்துக்காகத் தரும் வேறொரு தொகையைக் குறைத்துவிட்டார்கள் என்று இரு நாடுகளும் 2022இல் வெளிப்படையாகக் குற்றஞ்சாட்டின. பிறகு விளைச்சல் சரிந்து, 2024 டிசம்பரில் உலகச் சந்தை விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அவ்வளவு விலை வந்தால் காட்டு ஓரத்தில் இன்னொரு துண்டு வெட்டத் தோன்றுமா, தோன்றாதா? ஐவரி கோஸ்ட்டில் இடம் தீர்ந்துபோய், எல்லை தாண்டி லைபீரியாவின் கிழக்குக் காடுகளில் கொக்கோ நடுகிறவர்கள் இருக்கிறார்கள். நிலையான விலையும், பழைய தோட்டத்துக்கு மறுநடவு உதவியும், காட்டின் எல்லையில் கண்காணிப்பும் சேர்ந்து வர வேண்டும்.

மூலப்பொருளாக விற்காமல் பதப்படுத்தி விற்றால் காடு மிஞ்சுமா?

சில இடங்களில் ஆம். மத்திய ஆப்பிரிக்க நாடான காபோன் 2010இல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. தலைநகர் லிப்ரவில் அருகே இன்கோக்கில் தொழில்மண்டலம் அமைத்து, மரத்தை ஒட்டுப்பலகைத் தகடாகவும் சாமானாகவும் செய்து அனுப்புகிறது. ஒரே மரத்தில் கூடுதல் காசு, உள்ளூரில் வேலை. காடு இன்றும் நாட்டின் பெரும்பகுதியை மூடியிருக்கிறது. ஆனால் கொக்கோவில் இது தானாக நடக்காது. ஐவரி கோஸ்ட் உலகில் அதிகம் கொக்கோ அரைக்கும் நாடுகளில் ஒன்றாகிவிட்டது. ஆலை லாபம் மறுநடவுக்குத் திரும்பவில்லை என்றால் காட்டு ஓரத்தில் எதுவும் மாறாது.

காட்டை விட்டுவைப்பதற்கே பணம் கொடுத்தால்?

மத்திய அமெரிக்க நாடான கோஸ்டா ரிக்கா 1996 வனச் சட்டத்திலிருந்து அப்படித்தான் செய்கிறது: எரிபொருள் வரியில் ஒரு பங்கை எடுத்து, காட்டை வைத்திருக்கும் நிலக்காரருக்குக் கொடுக்கிறது. காட்டை வேறு பயன்பாட்டுக்கு மாற்றவும் அதே சட்டம் தடை போட்டது. 1980களில் நாட்டில் கால்பங்கு அளவுக்குச் சுருங்கியிருந்த காடு இன்று பாதிக்கும் மேல். காபியும் வாழைப்பழமும் அன்னாசியும் ஏற்றுமதியாகிக்கொண்டேதான் இருக்கின்றன. உலக அளவில் இதையே செய்ய 2025 நவம்பரில் பிரேசிலின் பெலெம் நகரில் நடந்த பருவநிலை மாநாட்டில் வெப்பமண்டலக் காடுகளுக்கான நிதியம் ஒன்றை அறிவித்தார்கள். நிற்கும் காட்டுக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சுமார் 4 டாலர் என்பது திட்டம், அதில் 20 சதவீதம் பழங்குடிகளுக்கும் உள்ளூர்ச் சமூகங்களுக்கும். கொக்கோ நிலம் தரும் வருமானத்துக்கு முன் 4 டாலர் ஒன்றுமே இல்லை. அரசுகளுக்கு ஊக்கமாக இருக்கலாம், அரிவாளை நிறுத்தாது.

ஐரோப்பா மட்டும் கேட்டால் போதுமா? மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்களே?

வாங்கிக்கொள்வார்கள், இதுதான் பெரிய ஓட்டை. பிரேசில் சோயாவில் பெரும்பங்கு போவது சீனாவுக்கு. பாமாயிலை உலகிலேயே அதிகம் இறக்குமதி செய்வது இந்தியா. சுத்தமான சரக்கு ஐரோப்பாவுக்கு, மற்றது மற்ற நாடுகளுக்கு என்று பிரிந்துவிட்டால் காட்டுக்கு ஒரு லாபமும் இல்லை. நம் பலகாரக் கடை வாணலியில் கொதிக்கும் எண்ணெய் சுமத்ராவில் எந்த நிலத்திலிருந்து வந்தது என்று இந்தியாவும் கேட்க ஆரம்பித்தால், ஐரோப்பா கேட்பதைவிட அதற்கு வலு அதிகம்.

பணக்கார நாடுகள் தங்கள் காட்டை அழித்து முன்னேறிவிட்டு மற்றவர்களுக்குப் பாடம் எடுக்கலாமா?

கோபம் நியாயமானது. அதனால்தான் செலவை அவர்கள் ஏற்க வேண்டும் என்கிறேன். ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக் காட்டை வெட்டுவதை நியாயப்படுத்த முடியாது. காடு போனால் மழை குறைந்து முதலில் காய்வது அந்த விவசாயியின் கொக்கோதான்.

ஏற்காடு, கொடைக்கானல் மலையில் நான்கைந்து ஏக்கர் காபி வைத்திருப்பவருக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தியக் காபியில் பெரும்பகுதி ஏற்றுமதியாகிறது. அதிலும் இத்தாலி, ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளே பெரிய வாடிக்கையாளர்கள். ஆகவே இது நம் கதையும்தான். 2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட பட்டியலில் இந்தியா குறைந்த ஆபத்துள்ள நாடு. பரிசோதனை குறைவாக இருக்கும், ஆனால் இருப்பிடக் குறியீடு தேவை. நிழல் மரத்தடியில் ஏற்கெனவே இருக்கும் காபித் தோட்டம் விவசாய நிலமாகவே கருதப்படும், காடு என்று சொல்லி ஒதுக்க மாட்டார்கள். 2020க்குப் பிறகு இயற்கைக் காட்டை மாற்றிக் காபி வைத்திருந்தால்தான் சிக்கல்.

பத்து ஏக்கருக்குள் என்றால் ஒரு புள்ளி போதும். காபி வாரியம் செயலி வழியாகத் தோட்டப் பதிவு நடத்துகிறது, பதிவு செய்துகொள்ளுங்கள். நில உரிமைக்கான காகிதமும் கேட்கப்படும். பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால் அதை மாற்றும் வேலையை இந்த அறுவடைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள், தாலுகா அலுவலகத்தில் அதற்குத்தான் நாளாகும். விற்கும் வியாபாரியிடம் ரசீதில் தோட்டப் பதிவு எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். பதிவான சரக்குக்குக் கூடுதல் விலை உண்டா என்றும் கேளுங்கள், ஏற்றுமதியாளருக்கு இப்போது உங்கள் காகிதம் தேவைப்படுகிறது.